நொச்சி இலைக்கு வைத்த சோதனை: எமது மருத்துவ மரபில் மறந்துபோன ஒரு பக்கம்

நுகேகொடைச் சந்தியில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி மகரகமைப் பக்கம் போகிறவர்கள், தெல்கந்தையைத் தாண்டியதும் கங்கொடவிலையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைக் காண்பார்கள். 1959இல் வித்தியோதயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978இல் இப்போதைய பெயரைப் பெற்றது அது. இன்னும் சற்றுத் தூரம் போனால் நாவின்ன. அங்கே 1962 முதல் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. சந்தியிலிருந்து மறுபுறம் நாவலைக்குத் திரும்பினால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். விஞ்ஞானம் படிக்கும் இடங்களும் நாட்டு மருத்துவத்தை ஆராயும் இடமும் ஒரு பஸ் ஓட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இந்த இரண்டு உலகங்களும் எங்கள் வீடுகளுக்குள் ஒன்றையொன்று சந்திப்பது குறைவு. பாட்டி சொன்னது ஒரு பக்கம், டொக்டர் சொன்னது இன்னொரு பக்கம் என்றே வாழ்ந்து பழகிவிட்டோம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் குற்றவாளி நான்தான். சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் புறத்திணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோட்டையைக் காக்கிற வீரர் நொச்சிப் பூச் சூடுவது பற்றிய பாடம். பிள்ளைகளுக்கு நொச்சி தெரியவில்லை. "சிங்களத்தில் நிக எண்டு சொல்ற அதே மரம்தான்" என்று விளக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் உம்மும்மா பீனிசத்துக்கும் முட்டுக்கும் நொச்சி இலை அவித்து வேது பிடிப்பித்த கதையையும், பிள்ளை பெற்ற வீட்டில் அந்த இலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டிய கதையையும், இங்கிலிஸ் மருந்து இல்லாமலே எல்லாம் சுகமான கதையையும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். இரண்டு கிழமையின் பின் அந்த வகுப்பில் ஒரு மகள் பாடசாலைக்கு வரவில்லை. முட்டு கடுமையாகி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்க்கப் போனபோது அவளுடைய உம்மா சொன்னார்: "டீச்சர், நீங்க சொன்னெண்டுதான் பம்ப்ப நிப்பாட்டிட்டு அந்த எலைய அவிச்சுக் குடுத்த."

பிள்ளை சுகமாகிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. உம்மும்மா சொன்னது பொய்யா? இலையில் ஒன்றுமே இல்லையா? அல்லது நான்தான் பாதியைச் சொல்லி மீதியை விட்டேனா? விடை தேடிப் போனபோது, கேள்வி எங்களுடைய சொந்த அறிவு மரபுக்குள்ளேயே ஆயிரம் வருடம் பழையது என்று கண்டேன்.

ரோசாப்பூவும் அபூ ஸைதும்

ஒவ்வாமை என்பது நவீன காலத்து நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அதைக் குறிக்கும் 'அலர்ஜி' என்ற சொல் புதிதுதான். வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வொன் பிர்க்கே அதை 1906இல் உருவாக்கினார். லண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்டொக் வருடாவருடம் தனக்கே வந்த தும்மலையும் கண் எரிவையும் 1819இல் விவரித்ததை ஐரோப்பிய மருத்துவ வரலாறு ஒரு தொடக்கமாகச் சொல்லும்.

ஆனால் அதற்கு சுமார் 900 வருடங்களுக்கு முன்பே அபூபக்ர் அல்-ராஸி இதே விடயத்தில் ஒரு சிறுநூல் எழுதியிருக்கிறார். அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ வசந்த காலத்தில் ரோசாப் பூவை முகர்ந்தால் தடிமனில் விழுவது ஏன் என்பதே அதன் பொருள். 925இல் மறைந்த அல்-ராஸி, ஒரு பருவம், ஒரு பூ, ஒரு மனிதர், ஒரு நோய் என்று நான்கையும் தொடுத்துப் பார்த்தார். எல்லாருக்கும் வாசமான பூ இவருக்கு மட்டும் ஏன் நோயாகிறது என்ற கேள்விதான் ஒவ்வாமை ஆய்வின் அடிக்கேள்வி.

அல்-ராஸியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. மூளைக் காய்ச்சலின் அறிகுறி தென்பட்ட நோயாளிகளில் ஒரு தொகுதியினருக்கு இரத்தம் குத்தி எடுத்ததாகவும், இன்னொரு தொகுதியினருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டதாகவும் அவர் 'அல்-ஹாவி'யில் குறித்திருக்கிறார். மருந்தால் சுகம் வந்ததா, தானாக வந்ததா என்று பிரித்தறிய ஒப்பீட்டுக்கு ஒரு குழு வேண்டும். இன்றைய ஆய்வுகூடங்களின் அரிச்சுவடி அதுதான்.

சுமார் 1025இல் நிறைவுற்ற 'அல்-கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் இப்னு ஸீனா இதை விதிகளாகவே தொகுத்தார். மருந்தில் வெளியிலிருந்து வந்த தன்மை எதுவும் கலந்திருக்கக்கூடாது. பல நோய்கள் சேர்ந்திருக்கும் உடலில் அல்லாமல் தனி நோயில் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரு நோய்களிலும் பார்க்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்குப் பொருந்த வேண்டும். வேலை செய்யத் தொடங்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பலன் எப்போதுமோ பெரும்பாலுமோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏழாவது விதிதான் மிக முக்கியம்: கடைசியில் மனித உடலிலேயே சோதிக்க வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ கண்ட பலன் மனிதனில் காணாமல் போகலாம்.

ஆக, 'எங்கள் மூதாதையர் இலைகளை நம்பினார்கள்' என்பது பாதி வரலாறு. அவர்களில் பெரியவர்கள் இலைகளைச் சந்தேகித்தார்கள் என்பது மீதிப் பாதி.

கொம்பனித்தெருவில் ஒரு மூலிகைக் கதை

இந்த மரபு இலங்கைக்கு எப்படி வந்தது? கேகாலைப் பக்கத்துக் கெட்டபேரியவில் வாழ்ந்த கோபால குடும்பத்தினர் கண்டி அரசர்களுக்கு மருத்துவம் செய்த முஸ்லிம்கள். அவர்களுடைய குடும்பப் பெயரில் உள்ள 'பெஹெத்கே' என்பது மருந்து வீட்டைக் குறிக்கும். 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு எதிரான சதியை அரசனுக்கு அறிவித்தவர் கோபால முதலியார் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பேராசிரியர் லோனா தேவராஜாவின் இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

கொழும்புக் கதை அவ்வளவு பரவலாகத் தெரியாது. 1811 முதல் 1819 வரை இங்கு பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன், 1827இல் லண்டன் ரோயல் ஆசிய சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் எங்கள் சமூகத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். பக்தாதிலிருந்து வந்த வணிகர் வழியாக அரிஸ்டோட்டில், யூக்ளிட், கேலன் போன்றோரின் நூல்கள் அரபு மொழியில் இத்தீவுக்கு வந்திருந்ததையும், அவற்றின் பகுதிகளை இங்குள்ள முஸ்லிம்கள் தன்னிடம் கொண்டுவந்து காட்டியதையும் எழுதுகிறார். கூடவே ஒரு முஸ்லிம் வைத்தியரைக் குறிப்பிடுகிறார். சுதேச மருத்துவத்துக்குப் பொறுப்பாளராக இருந்த அவர், முஸ்லிம் வைத்தியர்கள் நெடுங்காலமாக மருந்துக்குப் பயன்படுத்திவந்த இலங்கைச் செடிகள் அனைத்தையும் பற்றி ஜோன்ஸ்டனுக்கு ஒரு நிறைவான அறிக்கை தயாரித்துக் கொடுத்தாராம். 1810இல் அரசாங்கம் இங்கு ஒரு தாவரவியல் பூங்கா அமைத்ததன் நோக்கங்களில் ஒன்று இத்தகைய செடிகளை வளர்த்து விருத்தி செய்வது என்றும் அந்தக் கடிதம் சொல்கிறது.

அந்தப் பூங்கா இருந்த இடம் கொம்பனித்தெரு. இன்றும் அங்கே கியூ வீதி இருக்கிறது. லண்டன் கியூ பூங்காவின் நினைவாக வந்த பெயர் அது. பூங்கா 1813இல் களுத்துறைக்கும் 1821இல் பேராதனைக்கும் இடம்மாறியது. இன்று பேராதனைக்குச் சுற்றுலா போகும் எங்கள் பிள்ளைகள், அதன் பிறப்புக் கதையில் ஒரு முஸ்லிம் வைத்தியரின் மூலிகை அறிக்கைக்கும் இடமிருக்கிறது என்பதை அறியாமலே படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஜோன்ஸ்டனின் அந்த வசனத்தை நாம் மீலாத் மலர்களிலும் மேடைகளிலும் பெருமையோடு எடுத்துச் சொல்லுகிறோம். ஆனால் அந்தச் செடிகளின் பெயர்களை எந்த மேடையிலும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. பெருமை தங்கிவிட்டது, பட்டியல் கைநழுவிவிட்டது.

பின்னாளில் 1929இல் பொரளையில் சுதேச மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது ஆயுர்வேதம், சித்தத்தோடு யூனானியும் அங்கு இடம்பெற்றது. 1961இன் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் யூனானியை அங்கீகரித்தது. பட்டமும் பதிவும் கிடைத்தன. இலையை மேசையில் வைத்துச் சோதிக்கும் வேலை மெல்ல மெல்லப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களின் கைக்குப் போனது.

நொச்சி மேசைக்கு வந்தது

இனி நொச்சிக்கு வருவோம். தாவரவியலில் அதன் பெயர் வைட்டெக்ஸ் நெகுண்டோ. ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் விரல்கள் போல விரிந்திருக்கும். யூனானியில் இந்த இனச் செடிகளுக்கு வழங்கும் 'பஞ்சங்குஷ்த்' என்ற பாரசீகப் பெயருக்கே ஐந்து விரல் என்றுதான் பொருள்.

2003இல் எம். ஜி. தர்மசிறி, கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் டபிள்யூ. டி. ரத்னசூரிய ஆகியோரடங்கிய இலங்கைக் குழுவொன்று நொச்சியின் முற்றிய பச்சை இலைகளைப் பற்றிய ஆய்வொன்றைச் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டது. இலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அவித்துக் குடிப்பதற்கு மிகவும் கிட்டிய முறை இது.

அழற்சியை எப்படி அளப்பது? இதற்கு உலகெங்கும் வழங்கும் முறை 1962இல் விண்டரும் கூட்டாளிகளும் வகுத்தது. கராஜீனன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை. அதில் சிறிதளவை எலியின் பாதத்தில் ஏற்றினால் பாதம் வீங்கும். பாதத்தை ஒரு குழாயில் அமிழ்த்தி, எவ்வளவு திரவம் மேலெழுகிறது என்று பார்த்தால் வீக்கத்தின் அளவு தெரியும். ஒரு குழுவுக்கு வெறும் நீர், ஒரு குழுவுக்குத் தெரிந்த மருந்து, மற்றக் குழுக்களுக்கு வெவ்வேறு அளவில் இலைச்சாறு. மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் அளந்து ஒப்பிடுவார்கள். அல்-ராஸியின் ஒப்பீட்டுக் குழு இங்கே வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

இந்த வீக்கம் ஒரே காரணத்தால் வருவதில்லை. முதல் கட்டத்தில் ஹிஸ்டமின், செரட்டோனின் போன்றவை வேலை செய்கின்றன. பிந்திய கட்டத்தில் புரொஸ்டகிளாண்டின்கள் முன்னுக்கு வருகின்றன. அஸ்பிரின் வீக்கத்தைக் குறைப்பது புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதால்தான் என்று ஜோன் வேன் 1971இல் காட்டினார். அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தும்மல், மூக்கோட்டம், தடிப்பு, கடி இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கும் முக்கியமான ஒரு பொருள் ஹிஸ்டமின். ஆகவே ஓர் இலைச்சாறு ஹிஸ்டமினை அடக்கினால், அது ஒவ்வாமைக்கும் பயன்படலாம் என்ற நம்பிக்கை பிறக்கும்.

நொச்சி இந்தச் சோதனையில் தேறியது. உடனடி வீக்கத்தையும், போர்மல்டிஹைட் ஏற்றி உண்டாக்கிய நாட்பட்ட வீக்கத்தையும் சாறு குறைத்தது. வலியையும் குறைத்தது. புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் தன்மையும், ஹிஸ்டமினுக்கு எதிரான தன்மையும் அதில் தென்பட்டன. கடிக்கு நொச்சி நல்லது என்ற நாட்டு வைத்தியக் கூற்றை இந்தப் பிந்திய தன்மை விளக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். உம்மும்மா பொய் சொல்லவில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. உடனடி வீக்கத்தின் முதல் இரண்டு மணித்தியாலக் கட்டத்தில் அளவு கூடக் கூடப் பலன் குறைந்தது. கொஞ்சமாகக் கொடுத்தபோதுதான் கூடுதலாக வேலை செய்தது. நாட்பட்ட வீக்கத்திலோ அளவு கூடக் கூடப் பலனும் கூடியது. 'ஒரு கோப்பைக்கு இவ்வளவு சுகமென்றால் மூன்று கோப்பைக்கு எவ்வளவு' என்று கணக்குப் போடும் எங்கள் வழக்கத்துக்கு இது நல்ல பாடம். மருந்தின் வலிமையும் நோயின் வலிமையும் பொருந்த வேண்டும் என்ற இப்னு ஸீனாவின் விதியை இந்த எலிகள் மீண்டும் ஒருமுறை சொல்லித் தந்திருக்கின்றன.

எலியிலிருந்து மனிதனுக்கு

மீதமிருப்பது ஏழாவது விதி. எலியின் பாத வீக்கம் குறைந்ததை வைத்து ஒரு பிள்ளையின் முட்டு அடங்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு மனிதரில் சோதனை வேண்டும். அப்படி ஒரு சோதனை எப்படி நடக்கும் என்பதற்கு எங்கள் பிராந்தியத்திலேயே நல்ல உதாரணம் உண்டு.

நஞ்சறுப்பான் என்று தமிழில் சொல்லும் கொடியைச் சிங்களத்தில் பின்நுக என்பார்கள். டெல்லியில் டி. என். சிவ்புரியும் கூட்டாளிகளும் 1960களின் இறுதியில் இதன் இலையை ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1969இல் வெளிவந்த ஆய்வில் நோயாளிகள் 110 பேர். ஒரு சாராருக்கு ஆறு நாள் காலையில் ஒவ்வோர் இலை மென்று விழுங்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்தது கீரை இலை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. ஒரு கிழமை முடிவில் நஞ்சறுப்பான் மென்றவர்களில் 62 வீதமானோர் ஓரளவோ முழுமையாகவோ சுகம் கண்டார்கள். கீரை மென்றவர்களிலும் 28 வீதமானோருக்குச் சுகம்!

இந்த 28 வீதத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வெறும் கீரையை மருந்தென்று நம்பி மென்றவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் சுகம் கண்டிருக்கிறார்கள். 'எனக்குச் சுகமானது, அதனால் இலை நல்லது' என்று நாங்கள் ஒவ்வொருவரும் சொல்கிற சாட்சியின் எடை எவ்வளவு என்று இந்த எண் சொல்லிவிடுகிறது.

கதை அங்கும் முடியவில்லை. இலை மென்ற சிலருக்கு வாய்ப்புண், வாந்தி, உப்புச் சுவை தெரியாமற் போதல் போன்ற தொல்லைகள் வந்தன. 1979இல் வெளிவந்த இன்னொரு இந்திய ஆய்வில் நஞ்சறுப்பானுக்கும் போலி மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரு முறை தேறிய இலை மறுமுறை தேறவில்லை. பலன் எப்போதுமோ பெரும்பாலுமோ கிடைக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

தேறி வெளியே வந்த செடிகளும் உண்டு. ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. எகிப்தில் காலங்காலமாகப் பாவித்த 'கில்லா' செடியின் விதையிலுள்ள கெல்லின் என்ற பொருளிலிருந்து தொடங்கிய தேடல் குரோமோகிளைகேட் என்ற ஒவ்வாமை மருந்தில் முடிந்தது. சிரியாவின் அலெப்போவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ரொஜர் அல்டூன்யான் அதைக் கண்டடைந்தார். அவரே ஆஸ்துமாக்காரர். கினிப் பன்றியின் தோற்பொடியை முகர்ந்து தனக்கே முட்டை வரவழைத்து, நூற்றுக்கணக்கான சேர்மங்களை வருடக்கணக்கில் தன் நெஞ்சிலேயே சோதித்துப் பார்த்தார். செடி வழிகாட்டியது. மருந்தாக்கியது பொறுமை.

எங்கள் கையில் உள்ள வேலை

நாங்கள் விஞ்ஞானிகள் அல்லவே, எங்களுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். தமிழ் படித்தவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கொப்பி உண்டு. உம்மும்மாவின் வாப்பா அரபுத் தமிழில் எழுதிவைத்த வாகடக் குறிப்புகள். பீனிசம், கரப்பன், முட்டு, வீக்கம் என்று நோயின் பெயரும் இலையின் பெயரும் அளவும் அதில் உண்டு. மழைத் தண்ணீர் பட்டு பாதி அழிந்துவிட்டது. இப்படி எத்தனை கொப்பிகள் கொழும்பிலும் பேருவளையிலும் காத்தான்குடியிலும் பரணிலே கிடக்கின்றனவோ! அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த தலைமுறை ஒவ்வொரு ஜனாஸாவோடும் குறைந்துகொண்டு போகிறது.

வாசித்தால் மட்டும் போதாது, இலை எது என்று நிச்சயிக்க வேண்டும். எனது கொப்பியிலேயே 'பாவட்டை' என்று ஓரிடத்தில் வருகிறது. தமிழில் பாவட்டை என்பது பவெட்டா என்ற தாவரம். சிங்களத்தில் 'பாவட்டா' என்று ஆடாதோடையைச் சொல்வார்கள். கொழும்பில் வாழ்ந்த என் பூட்டன் எந்த மொழிப் பெயரை எழுதினார்? ஒரு பெயர் மாறினால் மருந்து மாறிவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் தாங்கள் சோதிக்கும் செடியின் மாதிரியைக் காயவைத்து, தாவரவியலாளரிடம் உறுதிப்படுத்தி, மூலிகைச் சேகரத்தில் இலக்கமிட்டு வைக்கிறார்கள். சொல்லாராய்ச்சியும் செடியாராய்ச்சியும் கைகோக்கும் இடம் இது.

ஆகவே சொல்ல நினைப்பது இதுதான். பரணில் உள்ள கொப்பிகளைப் படம் பிடித்து, எழுத்துப் பெயர்த்து, செடியைத் தாவரவியலாளரிடம் காட்டி, பட்டியலைப் பல்கலைக்கழகங்களிடம் கொடுப்போம். 138 பஸ் எங்கள் தெருவாலேதான் போகிறது. சோதனை முடியும்வரை அந்தப் பட்டியலை மருந்துச் சீட்டாக்காமல் இருப்போம். 'நபி மருத்துவம்' என்ற பெயரை ஒட்டி ஒவ்வாமைக்குக் குளிசை விற்பவர்களிடமும், யாரில் சோதித்தீர்கள், எத்தனை பேரில், எதோடு ஒப்பிட்டீர்கள் என்று மரியாதையாகக் கேட்போம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்ற கருத்திலான நபிமொழி எங்களுக்குத் தேடலைத்தான் கடமையாக்குகிறது. தேடாமல் நம்புவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

அந்த மகள் இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். பம்ப் புத்தகப் பையில் இருக்கிறது. போன மாதம் வழியில் கண்டபோது, "டீச்சர், நொச்சிய இன்னும் மனிசர்ல டெஸ்ட் பண்ணலையா?" என்று கேட்டாள். "நீங்க படிச்சு வந்து பண்ணுங்க மகள், இன்ஷா அல்லாஹ்" என்றேன். அன்று வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி அதுதான்.